இரண்டு நிமிட ஓய்வு

கல்யாணம் கழிந்த பத்தாம் நாள் காலையில் என் கணவர் என் கையில் வைத்தது ஒரு ஸ்டாப்வாட்ச். கறுப்பு நாடா கோத்த, சோப்புக்கட்டி அளவு பிளாஸ்டிக் சாமான். கூடவே ஒரு விசில். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு சித்திரை மாதம் அது. மற்ற புதுப்பெண்கள் பாலராமபுரம் சேலை கட்டி விருந்துக்குப் போய்க்கொண்டிருக்க, நான் காலை ஆறு மணிக்கு, பனச்சமூட்டுக்கு அப்பால் ரப்பர் தோட்டத்து மேட்டுப்பாதையின் அடியில் விசிலும் கையுமாக நின்றேன். இதற்கா என்னைக் கட்டிக்கொண்டு வந்தார் என்று எரிச்சலாக இருந்தது.

அவர் பட்டாளத்தில் பனிச்சறுக்கு அணியில் இருந்தார். மலை உச்சியிலிருந்து வழுக்கி இறங்குகிற சறுக்கு அல்ல. காலில் நீளப் பட்டைகளைக் கட்டி, இரு கைக்கோல்களை ஊன்றி, பனியில் ஏற்றமும் இறக்கமுமாகப் பதினைந்து கிலோமீட்டர் ஓடுகிற ஓட்டம். பனி இல்லாத மாதங்களில்தான் அதற்கு உடம்பைத் தயாராக்க வேண்டும், பனி விழுந்த பிறகு நேரம் கிடைக்காது என்பார். விடுமுறை இரண்டு மாதம். மார்கழியில் அணித் தேர்வு. வயது முப்பதை நெருங்கிவிட்டது. இதில் தவறினால் மறு வாய்ப்பு கிடையாது. அதனால் நம் ஊர் வெயிலில், முனையில் பழைய செருப்பு ரப்பரை ஆணியடித்த இரண்டு மூங்கில் கம்புகளோடு பயிற்சி நடந்தது.

ஒன்றரை நிமிடம் கம்புகளை ஊன்றித் தாவித் தாவி மேட்டில் ஏற வேண்டும். நான் விசில் அடித்ததும் நின்று, மெல்ல நடந்து என்னிடம் இறங்கி வர வேண்டும். விசிலிலிருந்து சரியாக இரண்டு நிமிடம் ஆனதும் நான் “போங்க” என்பேன். மறுபடி ஏற வேண்டும். இப்படிப் பத்துத் தடவை.

“அந்த ரெண்டு மினிட்டிலயாக்கும் எல்லாம் இருக்கு, பிள்ளே. நெஞ்சு முழுசா அடங்குததுக்கு முன்ன அடுத்தது ஏறணும். ஓடுதவன் வாட்ச் பாத்தா மனசு கள்ளத்தனம் காட்டும். அதுக்காக்கும் நீ” என்றார் முதல் நாளே.

பால்வெட்ட வந்த ஒரு பெரியவர் ரப்பர் மரத்தடியில் கத்தியோடு நின்று வேடிக்கை பார்ப்பார். “மக்கா, ஒனக்க மாப்பிள ஓடிப் பழகுதானா, இல்ல எதையாவது கண்டு பேடிச்சு ஓடுதானா?” என்று கேட்பார். எனக்கும் சில நாள் அதே சந்தேகம்தான். வீட்டிலும் மனிதர் ஓரிடத்தில் இருக்கமாட்டார். சாப்பிடும்போதே காலை ஆட்டிக்கொண்டிருப்பார். பேசிக்கொண்டிருக்கும்போதே எழுந்து கிணற்றைச் சுற்றிவிட்டு வருவார். நானோ அவர் திரும்பிப் போக எத்தனை நாள் இருக்கிறதென்று எண்ணி எண்ணித் தூக்கம் கெட்டுக் கிடந்தேன்.

மூன்றாம் வாரம், எட்டாவது ஏற்றம் முடிந்து இறங்கி வந்தவர் குனிந்து வாந்தி எடுத்தார். உதடு வெளுத்திருந்தது. வாட்ச் இரண்டு நிமிடம் காட்டியது. நான் வாயைத் திறக்கவில்லை. இன்னும் இருபது செக்கண்டு போன பிறகுதான் “போங்க” என்றேன். அவருக்குத் தெரியவில்லை. மறுநாளிலிருந்து எல்லா ஓய்விலும் அதையே செய்தேன். கடைசி வாரத்தில் நாற்பதாகிவிட்டது.

ஓய்வில் கழுத்தில் இரண்டு விரலை வைத்து நாடி எண்ணுவது அவர் வழக்கம். “பாத்தியா, எப்பிடி எறங்குது! ஒடம்பு வழிக்கு வந்தாச்சு” என்று சின்னப்பிள்ளை மாதிரி சிரிப்பார். நாடி இறங்கியது நான் கூடுதலாகக் கொடுத்த செக்கண்டுகளால்தான். பாவம் பார்த்துத்தானே செய்கிறோம் என்று சமாதானம் சொல்லிக்கொள்வேன். ஆனால் இன்னொன்றும் எனக்குத் தெரியும். அணியில் இருந்தால் பனிமலை முகாம். மனைவியைக் கூட்டிப்போக முடியாது. அணியில் இல்லாவிட்டால் பழைய பிரிவுக்குத் திரும்பலாம், குடும்பத்துக்கு குவார்ட்டர்ஸ் கிடைக்கும். இதை அவரே ஒருநாள் பேச்சுவாக்கில் சொல்லியிருந்தார்.

தை மாதம் கடிதம் வந்தது. பதினோரு செக்கண்டில் இடம் போய்விட்டது என்று எழுதியிருந்தார். நான் அழுதேன். அழுதுகொண்டே, கொண்டுபோக வேண்டிய பாத்திரங்களையும் மனதுக்குள் எடுத்துவைத்தேன்.

குவார்ட்டர்ஸ் கிடைத்தது, இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள், எதற்கும் குறைவில்லை. ஆனால் மனிதர் அந்தப் பதினோரு செக்கண்டை விடவில்லை. பட்டையில் தேய்த்த மெழுகு சரியில்லை என்பார். ஒரு வருடம் கழித்து, மெழுகு இல்லை, முந்தின நாள் தூக்கம் என்பார். வராந்தாவில் நடந்து நடந்து அதையே யோசிப்பார். நான் அடுக்களையில் அவர் காலடிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நிற்பேன்.

ஓய்வுபெற்று ஊருக்கு வந்தும் பல வருடமாகிவிட்டது. போன மாதம் ஒரு காலை, டிவியில் எந்த நாட்டிலோ பனி ஓட்டம் நடந்தது. உட்காராமல் நின்றுகொண்டே பார்த்தார்.

“நான் நல்லாட்டு தயாராயிட்டுதான் போனேன். எங்க தப்பாச்சுதுன்னு இன்னைக்கும் பிடிகிட்டல்ல” என்றார்.

எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. சொல்லிவிட்டேன். ஓய்வு ரெண்டு மினிட்டு இல்லை, நான் கூடுதலாகக் கொடுத்தேன் என்று.

அவர் டிவியை அணைத்தார். “எத்தர செக்கண்டு?”

“மொதல்ல இருவது. கடைசியில நாப்பது.”

உதடு அசைய ஏதோ கணக்குப் போட்டார். அப்புறம் என் முகத்தைப் பார்த்துக் கேட்டார். “பாவம் தோணியிட்டா? இல்ல, நான் போகண்டாம்னா?”

இருபத்தைந்து வருடத்துக்கு மேலாக நான் தயாராக வைத்திருந்த பதில், பாவம் பார்த்து என்பதுதான். ஆனால் வாயில் வந்தது வேறு.

“போகண்டாம்னுதான்.”

“பாவம்னு சொல்லியிருந்தா, ஏலாதவன்னு நெனச்சியேன்னு எனக்குத் தாங்கியிருக்காது, கேட்டியா” என்றார். சட்டையை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனார்.

மத்தியானச் சோற்றுக்கு வரவில்லை.