சாமி இல்லாத மலை

உடுமலைப்பேட்டையைத் தாண்டிப் பழனி சாலையில் ஓர் இளநீர்க் கடை. புளியமர நிழலில் மார்ட்டின் கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். எங்கோ கடல் நடுவே ஓர் எரிமலைத் தீவிலிருந்து வந்திருக்கும் என் நண்பர். விடுமுறைக்கு அங்கே வருகிறவர்களைச் சைக்கிளில் மலையுச்சிக்குக் கூட்டிப்போவதுதான் அவருடைய தொழில். கோயமுத்தூரிலிருந்து பழனிவரை மிதித்தே போய்விடலாம் என்று சொன்னவரும் அவர்தான். இப்போது, அடுத்த பஸ்ஸில் சைக்கிள்களை ஏற்றிவிடலாம் என்கிறார்.

பழனி பஸ் எப்போது வரும் என்று கடைக்கார அம்மாளிடம் விசாரிக்கிறேன். இப்போது வந்துவிடும் என்றவர், இளநீரைச் சீவிக்கொண்டே கேட்கிறார். "ஏனுங்க, இவருக்கு என்ன வேண்டுதலுங்க?"

"வேண்டுதலெல்லாம் இல்லைங்க. இவரு ஊர்ல லீவுன்னா இப்படித்தான். எரிமலை மேலயே சைக்கிள்ல ஏறுவாங்க."

"மேல என்ன சாமிங்க?"

"சாமி இல்லைங்க. ஏறிட்டு எறங்கிருவாங்க."

அரிவாள் அந்தரத்தில் நிற்கிறது. இப்போதுதான் அவர் மார்ட்டினை முழுதாகப் பார்க்கிறார்.

"சாமியே இல்லாத மலைக்கு மிதிச்சு ஏறறவரு, முருகன் இருக்கற மலைக்கு பஸ்ஸுலயாங்க போறாரு?"

அதை அப்படியே ஆங்கிலத்தில் சொல்கிறேன். மார்ட்டின் சிரிக்கவில்லை. பஸ் வந்து நிற்கிறது. அவர் இளநீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, நொண்டியபடி போய்ச் சைக்கிளை எடுத்துச் சாலையில் ஏறி மிதிக்கத் தொடங்குகிறார்.

"போயிட்டு வாங்க கண்ணு" என்கிறார் அம்மாள்.

என் சைக்கிளைக் கண்டக்டர் ஏற்கெனவே பஸ்ஸின் கூரைமேல் ஏற்றிவிட்டார்.