அழக்கூடாத ஊரில் ஒரு பிரசங்கம்

ஞாயிறுதோறும் பிரசங்க பீடத்தில் நிற்கும் என் அன்புச் சகோதரர்களே, வாயிருந்தும் வார்த்தையில்லாமல் நான் தவித்தபோது கர்த்தர் செய்த உதவியைச் சொல்கிறேன்.

சுதந்திரம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. மண்டபம் என்ற ஊருக்குப் பக்கத்தில் எங்கள் கடற்கரைச் சபைக்கு நான்தான் உபதேசியார். தை பிறந்த வாரத்தில் அடித்த புயலில் மூன்று வள்ளங்கள் கரை திரும்பவில்லை. ஒன்றில் என் அண்ணன் போயிருந்தார்.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம். உடல் கரை சேரும்வரை அந்த வீட்டில் யாரும் வாய்விட்டு அழக்கூடாது. அழுதால் ஆளைக் கடலுக்குக் கொடுத்துவிட்டதாக அர்த்தம். என் மதினி அழவில்லை. சோறும் தண்ணீரும் சரியாக எடுக்கவில்லை. மடியில் கைக்குழந்தை. பால் வற்றிப்போய், அது அழும் சத்தம்கூட நாளுக்கு நாள் மெலிந்தது.

"மதினி, பிள்ளைக்காகவாவது ஒரு வாய் கஞ்சி குடிங்க."

"ஒங்க அண்ணன் வரட்டும் தம்பி. சேந்து குடிக்கிறோம்."

ஞாயிறு வந்தது. சபை ஒழுங்கின்படி அன்று வாசிக்க வேண்டிய பாடம் என்ன தெரியுமா? இயேசு புயலை அடக்கியது! ஆறுதல் சொன்னால், செத்துப்போனார்கள் என்று நானே முடித்து வைத்ததாகும். வருவார்கள் என்றால் பொய். ஊர் ஊராய்ப் போய் வாய் கிழியப் பிரசங்கித்தவன் நான். "ஆண்டவரே, ஒரு வார்த்தை தாரும், இல்லையென்றால் இந்த இரண்டு உயிரும் போய்விடும்" என்று மணலில் விழுந்து கதறினேன். எழுந்து மணலைத் தட்டிவிட்டு, வெறுங்கையோடு கோயிலுக்குப் போனேன்.

ஆராதனையில் பாடத்தை வாசித்தேன். படகில் தண்ணீர் ஏறுகிறது. அவர் தூங்குகிறார். நாங்கள் சாகிறோமே, உமக்குக் கவலையில்லையா என்று சீஷர்கள் எழுப்பிக் கேட்கிறார்கள். அதற்குமேல் வாசிக்காமல் புத்தகத்தை மூடினேன். அந்த இடத்தில்தான் வார்த்தை கிடைத்தது.

"நாமளும் கேப்போம். கேட்டவுகள அவரு படகவிட்டு எறக்கிவிடல" என்றேன். அவ்வளவுதான் பிரசங்கம். உட்கார்ந்துவிட்டேன்.

மதினி எழுந்தார்.

"ஆண்டவரே, எம் புருசன் கூப்பிட்டப்ப நீரு ஏன் எந்திரிக்கல?"

கேட்டுவிட்டு மாரில் அடித்துக்கொண்டு அழுதார். மற்ற வீட்டுப் பெண்களும் அழுதார்கள். ஊர்ப் பெரியவர்கள் ஒருவரும் தடுக்கவில்லை, அவர்களும் அழுதுகொண்டிருந்தார்கள். அன்று சாயங்காலம் மதினி கஞ்சி குடித்தார். குழந்தை பிழைத்தது. கர்த்தருக்கு ஸ்தோத்திரம். அண்ணன் வரவேயில்லை, உடலும் கிடைக்கவில்லை.

அதற்குப் பிறகு நான் பிரசங்கத்துக்கு ஆயத்தமாகும் விதமே மாறிவிட்டது. வேதப் புத்தகத்தைத் திறப்பதற்கு முன்னால் நாலு வீட்டுக்குப் போய் உட்காருகிறேன். ஜனங்கள் ஆண்டவரிடம் கேட்கப் பயப்படுவதை அவர்களுக்காக நான் கேட்கிறேன். தெரியாததற்குப் பதில் சொல்வதில்லை. சொல்ல வேண்டியது முடிந்ததும் நிறுத்திவிடுகிறேன். நீட்டி முழக்குகிறவன் பெரும்பாலும் தன் பயத்தைத்தான் மூடுகிறான்.

சகோதரர்களே, வெறுங்கையோடு அவரிடம் போங்கள், வார்த்தை தருவார். மதினியின் கேள்விக்கு அவர் இன்னும் பதில் தரவில்லை. ஆனாலும் மதினி ஒவ்வொரு ஞாயிறும் வந்து, முன்வரிசையில் உட்கார்ந்து, அந்தக் கேள்வியையே அவரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார்.