மாமாவின் கால் பெருவிரல்

1. என் காதுகுத்துக்கு முந்தின நாள் மாமா ஈரல் வறுவலைக் கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.
2. விடிந்தபோது அவருடைய கால் பெருவிரல் தக்காளி மாதிரி சிவந்து வீங்கியிருந்தது.
3. அந்தக் காலோடு என்னை மடியில் வைத்துக்கொண்டார்.
4. காது குத்தியது எனக்கு. அலறியது அவர்.

அப்போது நான் ஒன்றாம் வகுப்பு. குலதெய்வக் கோயில் உப்பிலியபுரம் பக்கம். திருவானைக்காவலிலிருந்து வேன் பிடித்துப் போயிருந்தோம். மாமா, அதாவது அம்மாவின் அண்ணன், அரியமங்கலத்தில் லேத் பட்டறை வைத்திருந்தார். பட்டறையில் விரல்மேல் இரும்பு விழுந்துவிட்டது என்று எல்லோரிடமும் சொன்னார். வேட்டி நுனி உரசினாலே முகம் கோணியது.

“நேத்து உள்ள போன ஈரல்தான் இரும்பா விழுந்திருக்கும்,” என்றார் அத்தை.

தாய்மாமன் மடி இல்லாமல் எங்கள் வீட்டில் காது குத்துவதில்லை. “வேற நாள் வெச்சுக்கலாம்ணே,” என்று அம்மா கெஞ்சினார்.

“புள்ள பட்டுப்பாவாடை கட்டி நிக்குது. நீ வா கண்ணு, வலிக்காம மாமா பாத்துக்கிறேன்.”

ஆசாரி ஊசியை எடுத்ததும் பயத்தில் காலை உதைத்தேன். குதிகால் நேராகப் பெருவிரலில் இறங்கியது. மாமா போட்ட சத்தத்தில் மரத்துக் காக்கைகள் எழும்பின. வெட்டக் காத்திருந்த கிடா கயிற்றை அறுக்கப் பார்த்தது. நான் வாயைப் பிளந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குள் ஆசாரி இரண்டு காதிலும் வேலையை முடித்துவிட்டார்.

“குத்துனது பாப்பாவுக்கு, அழுவுறது மாமனா?” என்று அவர் கேட்க, கூட்டமே சிரித்தது. மாமாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

மறுநாள் அத்தை அவரை டாக்டரிடம் இழுத்துப் போனார். இரும்புக் கதை அங்கே எடுபடவில்லை. இரத்தத்தில் யூரிக் அமிலம் கூடி, மூட்டில் படிந்து வருகிற வலி. கவுட் என்று பெயர். டாக்டர் விரலோடு விடவில்லை. இது இருப்பவர்களுக்கு இதய நோயும் சேர்ந்து வரலாம் என்று இரத்த அழுத்தம், கொழுப்பு, இசிஜி எல்லாம் பார்த்தார். இரத்த அழுத்தம் எகிறிக் கிடந்தது. அப்படி ஒன்று தனக்கு இருப்பதே மாமாவுக்கு அதுவரை தெரியாது. வீட்டில் பெரியவர்கள் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. சொன்னபடி என் வலியை வாங்கிக்கொண்டுதான் மாமா கத்தினார் என்று நம்பினேன். பள்ளியிலும் பெருமையாக அதையே சொன்னேன். அந்த விரல் வீங்கியிராவிட்டால் அவருடைய இதயத்தை யாரும் சோதித்துப் பார்த்திருக்க மாட்டார்கள் என்பது வளர்ந்த பிறகுதான் உறைத்தது.

இப்போதைய நிலவரம்: தினமும் மாத்திரை. காலையில் ஸ்ரீரங்கத்தில் கொள்ளிடக் கரையில் நடை. விரல் அடங்கியிருக்கிறது, இதயம் ஒழுங்காக ஓடுகிறது. ஈரல் வறுவல் வாசனை வந்தால் மட்டும், அத்தை எங்கே நிற்கிறார் என்று மாமா திரும்பிப் பார்க்கிறார்.