சம்பந்திக்குக் கலர் வாங்கவில்லை

கப்பலூர் கம்பெனியில் எனக்கு ஓவர்டைம் நின்றுபோன மாதம்தான் வீட்டில் கலர் வாங்குவதை நிறுத்தினோம். அதற்கு முன் ஃப்ரிட்ஜ் கதவில் பெரிய கூல்டிரிங்க்ஸ் பாட்டில் ஒன்று எப்போதும் நிற்கும். வெயிலில் வந்தால் அதுதான். நிறுத்திய பிறகு எலுமிச்சை, இஞ்சி, நீர்மோர், நன்னாரி என்று நானே கலக்க ஆரம்பித்தேன். பெருமாள் புண்ணியத்தில் கைக்கு வந்துவிட்டது.

வீட்டு ஆட்களுக்குச் சரி. விருந்தாளிக்கு? எங்கள் பக்கத்தில் ஒருவர் வந்து உட்கார்ந்தால் கடைக்கு ஓடி, கலர் வாங்கி வந்து, அவர் கண் முன்னால் மூடியைத் திருக வேண்டும். அதுதான் மரியாதை. வீட்டில் கலக்கியதைக் கொடுத்தால், நமக்கு இவ்வளவுதானா என்று நினைத்துக்கொள்வார்கள்.

மகளைத் தை மாதம் அலங்காநல்லூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தோம். சித்திரையில் ஒரு சனிக்கிழமை, மதுரையில் ஒரு கல்யாணத்தை முடித்துக்கொண்டு சாயங்காலம் வருவதாகச் சம்பந்தி வீட்டார் சொல்லியிருந்தார்கள். கல்யாணத்துக்குப் பிறகு முதல் வருகை. காலையிலேயே மகள் போன் செய்தாள். குரலை இறக்கிப் பேசினாள்.

"அப்பா, மறக்காம கலர் வாங்கி வச்சிருங்க. எங்க அத்தை ஒண்ணும் சொல்ல மாட்டாக. ஆனா மனசுல வச்சுக்குவாக."

நாம் செய்கிற குறையை நம்மிடம் யார் கேட்கப்போகிறார்கள்? அந்த வீட்டில் நிற்கிற பிள்ளைதான் கேட்டுக்கொள்ள வேண்டும். மத்தியானத்துக்கு மேல் வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

சனிக்கிழமை பெருமாளுக்குப் பானகம் வைப்பது என் வழக்கம். வெல்லம், சுக்கு, ஏலக்காய், எலுமிச்சை, ஒரு சிட்டிகை உப்பு. சாமிக்கு வைப்பதை ருசி பார்க்க மாட்டேன். கண்ணை மூடிக் கும்பிட்டு, கற்பூரம் காட்டி நிமிர்கிறேன், வாசலில் ஆட்டோ. வந்தது அவர்கள்தான். கல்யாண வீட்டில் கூட்டம் தாங்கவில்லை, அதனால் முன்னாலேயே கிளம்பிவிட்டோம் என்றார்கள். மகள் பின்னால் நின்று என்னையே பார்த்தாள்.

சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பினேன். சம்பந்தி கையைப் பிடித்துக்கொண்டார்.

"எங்க மச்சான் போறீக? நாக்கு வறண்டு போச்சு. கையில இருக்குறதக் குடுங்க."

மனைவி கண்ணாலேயே என்னைக் குற்றம் சொன்னாள். வேறு வழியில்லை. பெருமாள் முன்னால் இருந்த பானகத்தை டம்ளர்களில் ஊற்றிக் கொடுத்தேன். சம்பந்தி ஒரே மூச்சில் குடித்து வைத்தார். சம்பந்தியம்மா ஒரு வாய் குடித்தார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

மகளின் முகம் வாடியதைப் பார்த்ததும் எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. சொம்பை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனேன். அங்கே உப்பு ஜாடி திறந்து கிடந்தது. நான் மூடிவிட்டுத்தான் போனேன். பின்னாலேயே வந்த மனைவியிடம் கேட்டால், நீங்க மறந்திருப்பீகன்னு நானும் போட்டேன் என்றாள். சொம்பில் மிஞ்சியதை வாயில் விட்டேன். கரித்தது. இனி என் பிள்ளை அந்த வீட்டில் என்ன பாடுபடுமோ என்று உள்ளே ஓடிக்கொண்டே இருந்தது. பெருமாளே, இதை நீதான் பார்க்க வேண்டும் என்று முனகிக்கொண்டு வெளியே வந்தேன்.

"தங்கச்சி, அது இருக்கட்டும்மா. நான் கலர் வாங்கிட்டு வாரேன்" என்றேன்.

அந்தம்மா பூஜை அலமாரியைப் பார்த்தார். கற்பூரம் இன்னும் புகைந்துகொண்டிருந்தது.

"சாமிக்கு வச்சதாண்ணே?"

ஆமாம் என்றேன். ருசி பார்க்காமல் வைத்தது, நானும் மனைவியும் ஆளுக்கு ஒரு தரம் உப்புப் போட்டுவிட்டோம் என்பதையும் சொல்லிவிட்டேன்.

அவர் டம்ளரை எடுத்து, கண்ணில் ஒற்றிக்கொண்டு, முகம் சுளிக்காமல் அடி வரை குடித்தார். பிறகு என் மனைவியைப் பார்த்துச் சொன்னார்:

"பிரசாதத்த மிச்சம் வைக்கலாமா, மதினி? இனி யாராச்சும் ஒரு ஆளு உப்பப் போடுங்க. பாவம், பெருமாளு எம்புட்டுத்தான் தாங்குவாரு."

சம்பந்தி, தாகத்தில் எனக்கு ஒன்றுமே தெரியவில்லையே என்றார். மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். விளக்குக்கு எண்ணெய் விடுகிற சாக்கில் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.