என் வீட்டுக்காரர் வளர்த்த தாடி

அந்தக் கதாநாயகனை எனக்கு ஒருபோதும் பிடித்ததில்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, படம் முழுக்கச் சிரிக்காமலேயே நடந்து போகிறவர். ஆனால் அவர் தாடி திண்டுக்கல்லில் ஒருவரையும் விட்டுவைக்கவில்லை. டவுன் பஸ்ஸில் ஏறினால் கண்டக்டருக்கு அதே தாடி, பிரியாணிக் கடையில் இலை போடுகிறவருக்கும் அதே தாடி. சலூனில் செல்போனை நீட்டி அவர் படத்தைக் காட்டினால் போதும், ஓரம் வெட்டிக் கொடுத்துவிடுவார்கள். நானும் ஒன்றும் யோக்கியமில்லை. ஒரு நடிகை போட்ட ரவிக்கையை டெய்லரிடம் காட்டி அதேபோலத் தைத்துப் போட்டு, முதுகு தெரிகிறதே என்று கல்யாண வீடு முழுக்க முந்தானையைப் போர்த்தியபடி உட்கார்ந்திருந்தவள்தான்.

என் வீட்டுக்காரர் பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் கடையில் வேலை பார்க்கிறார். தினமும் மழமழவென்று சவரம் செய்துகொண்டு போகிற மனிதர். அவரும் ஒருநாள் பிளேடைத் தூக்கிப் போட்டார். கடைக்கு வருகிற பையன்கள் முன்னால் வெறும் முகம் பழைய ஆளாகக் காட்டுகிறதாம். வளர்ந்த பிறகு பார்த்தால், உண்மையைச் சொல்ல வேண்டும், நன்றாகத்தான் இருந்தது. எண்ணெய் தடவுவார், அதற்கென்றே வாங்கிய சின்னச் சீப்பால் சீவுவார். நான் கேலி பண்ணுவேன்.

டவுனில் தாடி என்றால் சினிமா. ரெட்டியார்சத்திரம் பக்கம் இருக்கிற எங்கள் ஊரில் கல்யாணமான ஆண்பிள்ளை தாடி விட்டால் அதற்கு வேறு அர்த்தம். ஒன்று, பழனிக்கு மாலை போட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் பெண்டாட்டி முழுகாமல் இருக்க வேண்டும். பிள்ளை பிறக்கும்வரை புருஷன் முகத்தில் கத்தி படக் கூடாது. இவர் கழுத்தில் மாலை இல்லை. ஊர் என் வயிற்றைப் பார்க்க ஆரம்பித்தது.

எங்களுக்குக் கல்யாணமாகி நெடுநாளாகியும் குழந்தை இல்லை. ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கி அலுத்துப்போய், அந்தப் பேச்சையே வீட்டில் எடுக்காமல் இருந்தோம். அப்போதுதான் எதிர்வீட்டு அக்கா கூடை நிறைய மாங்காயைக் கொண்டுவந்து வைத்தார். எதற்கென்று விளங்கியதும் எனக்கு முகமெல்லாம் சுட்டது. அப்படி ஒன்றும் இல்லை, சினிமாவைப் பார்த்துத்தான் வளர்க்கிறார் என்றேன். அவர் என் தாடையைத் தொட்டுச் சிரித்தார்.

"மூணு மாசம் முடியிற வரைக்கும் அப்படித்தேன் சொல்லணும். நீ சொல்லாட்டி என்னத்தா, அவுக தாடி சொல்லுதுல்ல."

நான் மறுக்க மறுக்க அவர்களுக்கு உறுதியானது. மாமியாரிடமும் சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னேன். சரி சரி என்று தலையாட்டிவிட்டு, என் கையிலிருந்த குடத்தை வாங்கிக்கொண்டார். தக்காளி பறிக்க வர வேண்டாம், வீட்டிலேயே இரு என்றார். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. துணியை மடிப்பேன், மடித்ததை உதறி மறுபடி மடிப்பேன். வாசலுக்குப் போனால் யாராவது சிரிப்பார்கள். உள்ளே இருந்தால் மூச்சு முட்டும். அந்த நடிகர் மேல் எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. அவருக்கென்ன, அடுத்த படத்துக்குத் தாடியை எடுத்துவிட்டுப் போய்விடுவார்.

ஒரு சாயங்காலம் வீட்டுக்காரர் செருப்பைக் கழற்றுவதற்குள் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தேன். பொழுதெல்லாம் கடையில் கிடப்பவர், ஊர்ப்பேச்சு எதுவும் அவர் காதுக்கு எட்டியிருக்கவில்லை. முகம் செத்துவிட்டது. இந்தக் கருமம் எனக்கு எதற்கு என்று மட்டும் முனகினார். மறுநாள் காலையில் கொல்லைப்பக்கம் கண்ணாடியை மாட்டி, ஒரு முடி விடாமல் வழித்துவிட்டார். எனக்கும் அப்பாடா என்றிருந்தது. பிள்ளை பிறக்காமல் தாடி போனால் ஊர் அதை எப்படி எடுத்துக்கொள்ளும் என்பது எங்கள் இரண்டு பேருக்குமே உறைக்கவில்லை.

வழித்த முகத்தோடு அவர் பஸ் ஏறிப்போன சற்று நேரத்தில் எதிர்வீட்டு அக்கா வந்தார். பின்னாலேயே தெருப் பெண்கள் சிலர். ஒருவர் அடுப்பிலிருந்த சோற்றை வடித்தார், ஒருவர் வாசலைக் கூட்டினார். தோட்டத்திலிருந்து ஓடிவந்த மாமியார் என்னைப் பார்க்க மாட்டாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்து தலையைத் தன் தோளில் சாய்த்தார். நான் வாயைத் திறந்தேன். அவர் விடவில்லை.

"பேசாதத்தா. செத்த நேரம் படு, சோத்துக்கு வெஞ்சனம் நான் வச்சுக்கிறேன். அடுத்தது தங்கும்."

அக்கா, ஒன்றுமே இல்லையக்கா, நான் எதையும் இழக்கவில்லை என்றுதான் சொல்ல வந்தேன். அழுகைதான் வந்தது, அடக்க முடியாமல் வந்தது. இத்தனை வருஷமாக மாதாமாதம் ஒரு பிள்ளை எனக்கு இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. அதற்காக ஒருநாளும் யாரும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்ததில்லை.