மணிலாவில் ஒரு "போ"

இன்று மதியம் கடத்தூரிலிருந்து தருமபுரி வரும் பஸ்ஸில், பக்கத்து சீட்டு அக்கா தன் மகளுடன் வீடியோ காலில் பேசிக்கொண்டிருந்தார்.

மகள் பிலிப்பைன்ஸில், மணிலாவில் டாக்டருக்குப் படிக்கிறாளாம். போனதிலிருந்து தினமும் அழுகை. இன்றும் "வூட்டுக்கே வந்துடறேம்மா" என்பாளோ என்ற பயத்தோடுதான் போனை எடுத்ததாக அக்கா பிறகு சொன்னார்.

ஆனால் மகள் ஒரு தெருக்கடை முன் நின்றிருந்தாள். கையில், சர்க்கரை போட்டுப் பொரித்துக் குச்சியில் குத்திய வாழைப்பழம். கடைக்காரம்மா அவளிடம், "சலாமத் போ" என்றார்.

அக்காவுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "யாருடி அது? உன்னைய போன்னு வெரட்டறாங்க?"

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். "ஐயோ அம்மா, நன்றிங்கன்னு சொல்றாங்க! நாம 'ங்க' போடற மாதிரி இங்க மரியாதைக்கு 'போ' போடுவாங்க."

முன் சீட்டுக்காரர்களும் திரும்பிச் சிரித்தார்கள். கடைக்காரம்மா திரைக்குள் எட்டிப் பார்த்துக் கையாட்டினார். அக்கா கூச்சத்தோடு, "சலாமத் போங்க" என்றார். ஒரே வார்த்தையில் இரண்டு ஊர் மரியாதை!

போனை வைத்ததும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அங்க போயி இன்னிக்குத்தாங்க சிரிக்கறா. இத்தினி நாளா சாப்புட்டியான்னு மட்டும்தான் கேட்டேன். இனிமே என்ன சாப்புட்டேன்னு கேக்கணும்."

பிள்ளைகளை வெளியூருக்கு அனுப்பியவர்களே, உங்கள் வீட்டில் அந்த முதல் சிரிப்பு எப்போது வந்தது? எழுதுங்கள். அக்கா நாளையும் இதே பஸ்தான், அவரிடம் சொல்லிவிடுகிறேன்.