அப்பாவின் தலையில் ஒட்டிய பவுடர்

ஓசூரில் நான் வேலை பார்க்கும் கம்பெனியின் ஆண்டு விழாவில், ஆட நின்ற பிள்ளைகளுக்கு முகத்தில் பவுடர் அப்பிக்கொண்டிருந்தார்கள். அந்த வாசம் மூக்கில் ஏறியதும், ஐம்பதை நெருங்கும் எனக்கு ஏழு வயதாகிவிட்டது.

அப்பா சினிமாவில் கதாநாயகனுக்குப் பதிலாக நிற்பவர். அதே உயரம், அதே நிறம். விளக்குகளைச் சரிபார்த்து முடிக்கும்வரை அவர் அசையாமல் நிற்பார். கேமரா ஓடும்போது கதாநாயகன் வந்துவிடுவார். அதில்தான் எங்கள் வீட்டில் உலை கொதித்தது.

அஞ்செட்டிக் காட்டில் படப்பிடிப்பு நடந்தபோது என்னையும் கூட்டிப்போனார். கதாநாயகன் மகளைத் தோளில் சுமந்து நடக்கும் காட்சி. மகளாக நடித்த சிறுமி காலையிலிருந்து என் அப்பாவின் தோளில் உட்கார்ந்து, அவர் தலைமேல் பவுடர் அப்பிய கன்னத்தைச் சாய்த்தபடி முறுக்குத் தின்றாள். என்னை அவர் அப்படித் தூக்கியதே இல்லை.

"அப்பா, அவ எறங்கட்டும். நான் ஒக்காந்துக்கறேன்."

"நீ அவளவிட ஒசரம் கண்ணு. வெளிச்சம் மாறிடும்," என்றார், தலையைத் திருப்பாமல்.

சாயங்காலம், கூட்டிப்போக வந்திருந்த மாமாவோடு என்னை ஊருக்கு அனுப்ப அப்பா பஸ் நிறுத்தம்வரை வந்தார். அவருக்கு இன்னும் பத்து நாள் அங்கே வேலை. தூரத்தில் பஸ் தெரிந்ததும் என் முன்னால் குனிந்து உட்கார்ந்தார்.

"இப்ப ஏறு கண்ணு, பஸ்ஸு வரைக்கும் தூக்கினு போறேன். இப்ப எந்த வெளிச்சமும் மாறாது."

அவர் தலைமயிரில் பவுடர் வெள்ளையாய் ஒட்டியிருந்தது.

"வேணாம். ஒம்மேல அவ வாசம் அடிக்குது."